வம்சாவளி எங்கே இடிக்கிறது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

குடும்ப மரம் போட உட்காரும் எல்லோருக்கும் முதல் மாதம் ஜோராகத்தான் போகும். பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, நான்கு தலைமுறை ஏறிவிட்ட சந்தோஷத்தில் இருப்போம். அப்புறம்தான் இடிக்க ஆரம்பிக்கும்: தாத்தாவுக்கு மூன்று பிறந்த தேதி, தாயை விட மகனுக்கு ஒன்பது வயதுதான் குறைவு, 1890-ல் நிலம் வாங்கி 1965-ல் அதை விற்ற ஒரு மனிதர், பெயரே இல்லாத ஒரு கொள்ளுப்பாட்டி. பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டு மரத்தோடு மல்லுக்கட்டுகிறேன், கீழே இருக்கிற பிழைகளில் பெரும்பாலானவை நானே செய்தவை. அதனால் முதலிலிருந்து பாடம் நடத்தவில்லை. உங்களுக்கு எங்கே இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

எதையும் திருத்துவதற்கு முன் ஒன்று மட்டும்: இருப்பதை அழிக்காதீர்கள். தப்பு என்று தெரிந்துபோன தேதியையும், அதை யார் சொன்னார், எந்தக் காகிதத்தில் இருந்தது என்பதோடு அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதியதை எழுதுங்கள். நம் வீட்டுக் காகிதம் எதுவும் வம்சாவளிக்காக எழுதப்பட்டதில்லை. பள்ளிச் சான்றிதழ் பிள்ளையைச் சேர்க்க, பத்திரம் சொத்துக்கு, மொய் நோட்டு பணத்துக்கு, ஜாதகம் பொருத்தம் பார்க்க. எந்த வேலைக்காக எழுதினார்களோ அதற்கு வேண்டியதைத்தான் ஜாக்கிரதையாக எழுதியிருப்பார்கள், மற்றதெல்லாம் போகிற போக்கில் எழுதியது.

வீட்டில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருக்கிறார்கள்

இது பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்த நாள். அந்தக் காலத்தில் பையனைக் கூட்டிக்கொண்டு போனால் வாத்தியார் கையைத் தலைக்கு மேலே சுற்றி எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார், தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. பள்ளி திறப்பது ஜூனில். அதற்குள் ஐந்து நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் மே, ஜூனில் ஒரு தேதியை அவரே போட்டுக்கொள்வார். பிற்பாடு அதே தேதி வேலைக்கும் பென்ஷனுக்கும் போய், கடைசியில் ஆதாரிலும் ஏறிவிட்டது. நான்கு ஆவணத்தில் ஒரே தேதி இருக்கிறதே, அப்போது சரியாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான்கும் ஒரே இடத்திலிருந்து நகலானவை, அதனால் அது ஒரு சாட்சிதான்.

அந்தத் தேதிக்குப் பக்கத்தில் "பள்ளிச் சான்றிதழ்ப்படி" என்று குறித்துவிட்டு, ஆளிடமோ கூடப் பிறந்தவர்களிடமோ கேளுங்கள். தேதியைக் கேட்டால் அதே பள்ளித் தேதியைத்தான் ஒப்பிப்பார்கள். நட்சத்திரத்தைக் கேளுங்கள். பிறந்த தேதி தெரியாத பாட்டிக்கும் நட்சத்திரம் தெரியும், வாழ்நாள் முழுக்க அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர். அடுத்து, எந்தப் பண்டிகையை ஒட்டிப் பிறந்தார், யாருக்கு மூத்தவர், யாருக்கு எத்தனை மாதம் இளையவர். ஊர் அறிந்த சம்பவங்களும் கை கொடுக்கும். "தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ நான் வயித்துல" என்றால் 1964 டிசம்பர், "அண்ணா செத்தப்போ கைக்குழந்தை" என்றால் 1969 பிப்ரவரி. இப்படி வருகிற பதில் பெரும்பாலும் ஓர் ஆண்டு முன்பின்னுக்குள் நிற்கும். அதை "சுமார்" என்றே எழுதுங்கள், நாளும் மாதமும் சேர்த்து அழகுபடுத்த வேண்டாம்.

ஜாதகம் இருக்கிறது, ஆனால் ஆங்கில ஆண்டுக்கு மாற்றினால் ஒரு வருஷம் தள்ளுகிறது, சில சமயம் அறுபது வருஷம்

அறுபது தள்ளினால் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. துந்துபி என்றால் 1862, 1922, 1982 மூன்றும் துந்துபிதான். பெற்றோர் வயதை வைத்து எது என்று முடிவு செய்யலாம், ஆனால் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே பெயர் இருக்கிற வீட்டில் ஜாதகமே மாறிப்போய் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜாதகக் கட்டு இருபது வருஷம் தப்பான ஆளின் பெட்டியில் இருந்தது.

ஒரு வருஷம் தள்ளுவதுதான் அதிகம் நடப்பது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அதனால் மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரை அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் போய்விடும். "துந்துபி வருஷம் மாசி மாதம்" என்றால் 1922 இல்லை, 1923 பிப்ரவரி-மார்ச். திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் என்றால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, கொல்லம் ஆண்டும் எழுதியிருப்பார்கள், அது அறுபதில் சுற்றுவதில்லை. ஆவணியில் தொடங்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. கொல்லம் 1098 மாசி என்றால் 1098-உம் 825-உம் சேர்ந்து 1923. துந்துபிக் கணக்கும் கொல்லம் கணக்கும் ஒன்றாக வந்துவிட்டால் அந்தத் தேதியை நம்பலாம்.

ஒரே மாதிரிப் பெயர்கள் காலை வாரிவிடும். விரோதி 1949, விரோதகிருது 1971. பிரமாதி 1939, பிரமாதீச 1973. ஹேவிளம்பி 1957, விளம்பி 1958. சித்திரபானு 1942, சுபானு 1943. வாயால் கேட்டு எழுதும்போது "விரோதின்னு சொன்னாங்க" என்று எழுதிவிட்டு வந்து இருபத்திரண்டு வருஷத்தைத் தொலைத்தவன் நான்.

நாள் மட்டும் ஒன்று தள்ளுகிறதா? ஜாதகக் கணக்கில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். வியாழன் நடுநிசிக்குப் பிறகு மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் வியாழன், ஆங்கிலக் காலண்டரில் வெள்ளி. பிறந்த நேரத்தைப் பார்க்காமல் நாளை மாற்றாதீர்கள். சரிபார்க்க கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றையும் பழைய பஞ்சாங்கத்திலோ பஞ்சாங்க மென்பொருளிலோ போட்டுப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நிலக் காகிதத்தில் "பசலி" என்று போட்டிருந்தால் அது வேறு கணக்கு. வருவாய்த் துறை ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும், பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1362 கிஸ்தி (நிலவரி) ரசீது 1952 ஜூலைக்கும் 1953 ஜூனுக்கும் நடுவில் கட்டியது.

வயது 205 என்று போட்டிருக்கிறது

தமிழ் எண். ௨௰௫ என்பதில் நடுவில் இருப்பது சைபர் இல்லை, பத்து. இரண்டு பத்து ஐந்து, ஆக 25. நூறு ௱, ஆயிரம் ௲. கொல்லம் ஆண்டு ௲௭௰௬ என்றால் 1076. ௧ எழுத்துக் க மாதிரியும் ௨ எழுத்து உ மாதிரியும் இருப்பதால், காகிதத்தின் உச்சியில் தனியாக நிற்கும் பிள்ளையார் சுழியை இரண்டாம் பக்கம் என்று நினைத்து முதல் பக்கத்தைத் தேடியவர்களும் உண்டு.

தேதிக்குப் பக்கத்தில் வருகிற குறிகளில் ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். இவற்றை விட முக்கியம் ௸, அதாவது மேற்படி. பட்டியலில் ஊரின் இடத்தில் ௸ வந்தால் மேலே இருக்கிற ஊரே இதற்கும். மேல் பக்கத்தைப் படம் எடுக்காமல் வந்துவிட்டால் அந்த வரி அநாதைதான், ஆகவே நமக்கு வேண்டிய பக்கத்தோடு அதற்கு முந்திய பக்கத்தையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகரமும் ஒகரமும் குறிலா நெடிலா என்றும் தெரியாது. படித்ததைத் தனியாகவும், ஊகித்ததைத் தனியாகவும் எழுதுவது நல்லது.

ஒரே ஆள் நூற்றுப் பத்து வருஷம் வாழ்ந்து நிலம் வாங்கிக்கொண்டே இருக்கிறார்

அவர் இரண்டு பேர். சில சமயம் மூன்று பேர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரை வைப்பது வழக்கம். சுப்பையா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சுப்பையா மகன் மாடசாமி, மாடசாமி மகன் சுப்பையா, அந்தச் சுப்பையா மகன் மறுபடி மாடசாமி. பத்திரத்தில் "மாடசாமி குமாரன் சுப்பையா" என்று இருந்தால் எந்த மாடசாமியின் எந்தச் சுப்பையா? இதோடு பெரியப்பா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் அதே தாத்தாவின் பெயரில் தலைக்கு ஒரு சுப்பையா இருப்பார், வயது வித்தியாசம் நான்கைந்து வருஷம்.

நான் செய்த தப்பு, பெயரை வைத்தே ஆளை அடையாளம் வைத்தது. 1911-ல் ஒரு கிரயப் பத்திரம், 1938-ல் ஒரு அடமானப் பத்திரம், இரண்டிலும் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் ஒன்று. ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டேன். ஆறு வருஷம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. முதல் பத்திரத்தில் ஓர் அழகான நீட்டிய கையெழுத்து, இரண்டாவதில் கைநாட்டு. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எதற்குப் பெருவிரலை உருட்டப் போகிறார்? சரி, பக்கவாதம் வந்திருக்கலாம் என்று கூட ஒரு வாரம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் சாட்சிகளின் பெயரைத் தேடியதில், இரண்டாவது பத்திரக்காரர் முதலாமவரின் ஒன்றுவிட்ட தம்பி பேரன் என்று வெளியே வந்தது.

ஆகவே ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுங்கள், பெயர் அதற்குப் பிறகுதான். சேர்ப்பதற்கு முன் மனைவி பெயர், கையெழுத்தா கைநாட்டா, பத்திரத்தில் சொன்ன வயது, தொழில், நிலத்தின் நான்கு எல்லைக்காரர்கள், சாட்சிகள் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். எல்லைக்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகளாகவே இருப்பார்கள், நான்குமால் என்று சலிப்போடு தாண்டிப் போகிற அந்தப் பத்தியில்தான் பாதி வம்சம் உட்கார்ந்திருக்கும். "என்கிற" என்று வந்தால் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், கூப்பிடும் பெயர் ஒன்று, குலதெய்வத்துக்கு வைத்த பெயர் ஒன்று. சந்தேகம் தீராவிட்டால் சேர்க்காமலே விடுங்கள். இரண்டு பேரைப் பிற்பாடு ஒன்றாக்குவது ஐந்து நிமிட வேலை, ஒன்றாக்கியவரைப் பிரிப்பது ஒரு மாத வேலை.

தகப்பனார் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகவில்லை என்றால் சுவீகாரமா என்று பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் 1-ம் புத்தகத்தில் இருக்கும், உயிலும் தத்தெடுக்கும் அதிகாரப் பத்திரமும் 3-ம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று வாங்கினால் 1-ம் புத்தகத்தைத்தான் பார்த்துக் கொடுப்பார்கள், அதில் இல்லை என்றால் எதிலும் இல்லை என்று ஆகாது. உயில் எழுதியவர் இறந்துவிட்டால் 3-ம் புத்தகப் பதிவின் நகலை யார் கேட்டாலும் பதிவுச் சட்டப்படி கொடுக்க வேண்டும்.

பெண்களைக் காணோம்

எல்லா மரத்திலும் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான். ஆண் வழியில் ஏழு தலைமுறை இருக்கும், அதே ஆளுக்கு அம்மா பெயர் கேட்டால் கிடைக்காது. பத்திரத்தை நம்பி மரம் போட்டால் இப்படித்தான் ஆகும். பாகப் பிரிவினையில் பங்கு உள்ளவர் பெயரைத்தான் எழுதுவார்கள். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்திய பத்திரங்களில் மகள்கள் வருவது அபூர்வம், கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாட்டில் மகளுக்கும் சம பங்கு என்று வந்தது 1989-ல்தான், அதுவும் அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தவர்களுக்கு. எனவே "மூன்று மகன்கள், மகள் இல்லை" என்று பத்திரத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மகள்கள் தெரிய வேண்டுமானால் விடுதலைப் பத்திரம், செட்டில்மெண்ட் பத்திரம், பிற்கால வாரிசுச் சான்று இவற்றைத் தேடுங்கள். வாரிசுச் சான்றிலும் ஒரு பொறி உண்டு, அன்றைக்கு உயிரோடு இருந்த வாரிசுகளுக்காக வாங்கியது அது. சின்ன வயதில் இறந்த பிள்ளைகள் அதில் இருக்க மாட்டார்கள்.

மொய் நோட்டைக் குப்பையில் போடாதீர்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஊர், பெயர், தொகை வரிசையாக இருக்கும், பெண் கொடுத்த ஊர்கள் எல்லாம் ஒரே நோட்டில் கிடைக்கிற இடம் அதுதான். தாய்மாமன் சீர் தனியாகத் தலைப்பிட்டு எழுதியிருந்தால் தாயின் பிறந்த வீடு கிடைத்துவிட்டது.

எங்கள் கொள்ளுப்பாட்டியை வீட்டில் எல்லோரும் கடையத்து ஆச்சி என்றுதான் சொல்வார்கள், கடையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பெயர் யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் மருமகள்கள், மாமியார் பெயரை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். பேத்திக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள், ஆனால் அந்தப் பேத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதே, அதனால் அவள் சாகிற வரை "பாப்பா"தான். ஒரு பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது கரிபிடித்த பித்தளைக் குடம் ஒன்று இறங்கியது. புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து தெரிந்தது: "ச. பி." பாத்திரக் கடையில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அதுதான். ச தகப்பனார், பி அவள். அதற்கப்புறம் பாப்பா அத்தையின் பழைய பள்ளிச் சான்றிதழைத் தேடிப் பார்த்தால் பெயர் பிச்சம்மாள்.

இதை நான் மரத்தில் எப்படி ஏற்றினேன் என்பதையும் சொல்கிறேன். "பிச்சம்மாள்" என்று மட்டும் எழுதவில்லை. "பிச்சம்மாள் (அநேகமாக), ஆதாரம் 1: பித்தளைக் குடம், ச. பி.; ஆதாரம் 2: மகன் வழிப் பேத்திக்கு அதே பெயர்; பாட்டி பெயரை வைக்கும் வழக்கத்தை வைத்து ஊகம்" என்று எழுதியிருக்கிறேன். குடம் யாருடைய சீர் என்பதற்குச் சாட்சி இல்லையே, அடுத்த தலைமுறை மருமகளுடையதாகவும் இருக்கலாம். நாளைக்கு வேறு ஒரு காகிதம் கிடைத்தால் எதைத் தட்டிப் பார்ப்பது என்று தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பரண், பூஜை அறை, சமையலறை அலமாரி மூன்றையும் ஒருமுறை பாருங்கள். குத்துவிளக்கின் அடிப்பாகம், தாம்பாளத்தின் பின்பக்கம், அண்டாவின் விளிம்பு. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு எடுப்பதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்துவிடுங்கள்.

வரைபடம் தனக்குத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது

அக்காள் மகளைக் கட்டியிருப்பார்கள், அல்லது அத்தை மகளை. ஒரே ஆள் கொள்ளுத்தாத்தாவாகவும் தாத்தாவாகவும், இல்லை இரண்டு வழியிலும் கொள்ளுத்தாத்தாவாக, இரண்டு இடத்தில் வருவார். மென்பொருள் எச்சரிக்கை காட்டுகிறதே என்று பயந்து அவரையே இரண்டு ஆளாகப் பதியாதீர்கள், பிறகு ஒரு இடத்தில் திருத்தியது மற்ற இடத்துக்குப் போகாது. ஒரே எண், இரண்டு கோடு, அவ்வளவுதான். காகிதத்தில் போட்டால் கோடு குறுக்கே போகும், போகட்டும்.

முறைப்பெயர்தான் இதைவிடத் தொல்லை. "அவர் எனக்குச் சித்தப்பா" என்றால் அப்பாவின் தம்பியா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியா, சித்தியின் வீட்டுக்காரரா, இல்லை முறைக்குச் சித்தப்பாவா? "கூடப் பிறந்தவரா?" என்று கேட்டாலும் போதாது, பெரியப்பா பிள்ளைகளையும் கூடப் பிறந்தவர்கள் என்றே சொல்கிற பாசக்காரர்கள் உண்டு. "யார் வயித்துப் பிள்ளை?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எந்த ஆச்சியும் தவறான பதில் சொல்லி நான் பார்த்ததில்லை, மூத்த தாரம் இளைய தாரம் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும்.

"அப்படி ஒரு ஊரே இல்லை", "பதிவு இல்லை" என்கிறார்கள்

பெரும்பாலும் ஊர் இருக்கிறது, மாவட்டம்தான் மாறிவிட்டது. 1985 வரை சிவகாசி இராமநாதபுரம் மாவட்டம். திண்டுக்கல் அதே ஆண்டு மதுரையிலிருந்து பிரிந்தது, தூத்துக்குடி 1986-ல் திருநெல்வேலியிலிருந்து, தென்காசி 2019-ல். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், தனி மாவட்டமானது 1974-ல். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் வரை திருவாங்கூரோடு இருந்தவை, அதற்கு முந்திய அரசாங்கக் காகிதத்துக்குத் திருவனந்தபுரம் பக்கமும் தேட வேண்டியிருக்கும். ஆகவே ஊரை எழுதும்போது அந்தக் காகிதத்தில் இருக்கிற ஜில்லா, தாலுகாவை அப்படியே எழுதி, இன்றைய மாவட்டத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

நாம் ஊர் என்று சொல்வது வருவாய்க் கிராமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு மூன்று குக்கிராமம் சேர்ந்து ஒரு வருவாய்க் கிராமம், பதிவேடு அந்தப் பெயரில்தான் இருக்கும். பழைய கிஸ்தி ரசீதில் அது இருக்கும்.

பிறப்புப் பதிவில் ஆளின் பெயரைச் சொல்லித் தேடினால் பல சமயம் கிடைக்காது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்திருப்பார்கள், "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும். தகப்பனார் பெயரையும் ஊரையும் கொடுத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். கிராம முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் பதிவேடு வைத்திருந்த காலம் அது, அந்தப் பதவிகள் 1980-ல் ஒழிந்தபோது கட்டுகள் கை மாறின. பதிவு இல்லை என்று சொன்னால் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்தார்கள் என்று கேட்டு அதையும் குறித்து வையுங்கள். இல்லையென்றால் மூன்று வருஷம் கழித்து நீங்களே மறுபடி அதே ஜன்னலில் போய் நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன், எழுத்தர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

கப்பலேறிய கிளை ஊரோடு ஒட்டவில்லை

தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ் உறவுகள் தேடி வரும்போது பெயர் காதுக்கே பிடிபடாது. கொவெண்டர் என்பது கவுண்டர், மூன்சாமி என்பது முனுசாமி அல்லது முனிசாமி. கேட்டதைக் கேட்டபடி வெள்ளைக்கார எழுத்தர் எழுதியது அது, அதன் பிறகு கப்பலேறியவரின் சொந்தப் பெயரோ சாதிப் பெயரோ அந்தக் குடும்பத்துக்கே நிரந்தரப் பெயராக நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டிப் பார்க்காமல் உரக்கப் படித்துப் பாருங்கள், பாதி ஊர்ப் பெயர் அதிலேயே பிடிபடும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள். ஆளுக்கு ஓர் எண், கூடவே தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கப்பல் பட்டியலில் இருக்கும். பெயரை விட அந்த எண்ணைக் கேளுங்கள், பழைய திருமண, இறப்புச் சான்றுகளில் அது இருக்கும். மொரிஷியஸ் என்றால் மோக்காவில் இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் உள்ளன. இலங்கை மலையகத்திலிருந்து 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்கள் வீட்டில் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை இருந்தால் பெயர், உறவு, வயது ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஊர் கிடைத்தாலும் அவசரப்பட்டு "இவர்தான் உங்கள் பங்காளி" என்று யாரையும் கைகாட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர் என்பதை மேலே பார்த்தோம்.

கோப்பைத் திறந்தால் எல்லாம் கேள்விக்குறி

ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்கள் மரத்தைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) கோப்பு என்றால் ஏற்றுமதி செய்யும்போது தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பீர்கள். 7.0 வடிவத்தில் அது மட்டுமே உண்டு, பழைய வடிவத்தில் நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் எழுத்து திரும்பி வராது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள். கேள்விக்குறி இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன.

வரிசை திடீரென்று ராஜாவில் போய் முடிகிறது

சாதிச் சங்க மலரிலிருந்து ஒட்டியது. ஆறாவது தலைமுறை வரை பத்திரம், ஏழாவதில் சோழன். நடுவில் நானூறு வருஷம் காணாது. அதைத் தனிப் பக்கத்தில் "வீட்டில் சொல்லும் கதை" என்று வையுங்கள். கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. "பஞ்சத்துக்கு வடக்கேயிருந்து வந்தோம்" என்ற கதையில் தாது வருஷம் என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் 1876-க்கு ஒரு கொக்கி கிடைக்கிறது.

இரண்டு அத்தைகள், இரண்டு கதை

இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது, எந்த வருஷம் சொன்னது, அப்போது அவர் வயது என்ன, பார்த்துச் சொன்னதா கேட்டுச் சொன்னதா. தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் குரல் பெரியவரின் கதைதான் மிஞ்சும்.

எல்லாம் முடிந்தது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். ஒரு முதல் கல்யாணம், அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாதது, அதில் இருந்தது. ஆறு மாதம் ஓர் அத்தை என்னோடு பேசவில்லை. இப்போது உயிரோடு இருப்பவர்களின் தேதிகளையும் இது போன்ற விஷயங்களையும் மறைத்த பிரதி ஒன்று, முழுப் பிரதி ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன்.

படத்தில் இருப்பது யார் என்று தெரியவில்லை

பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள் என்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. சின்னப் படமென்றால் 600 புள்ளி அடர்த்தியில் (dpi) ஸ்கேன் செய்து, பெரிதாக அச்செடுத்து, முகத்துக்கு முகம் எண் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். ஃபோனைப் பெரிதாக்கிக் காட்டினால் கண்ணாடியைத் தேடுவதற்குள் மறந்துவிடுவார்கள். மூலப் படத்தை லேமினேட் செய்யாதீர்கள், பால்பாயிண்ட் பேனாவால் பின்னால் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சில் போதும்.

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் படம் இருக்கிறது, பதினேழு பேர். பதினாறு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறேன்: "பின் வரிசை, இடமிருந்து மூன்றாவது: தெரியவில்லை. பெரிய அத்தையிடம் 2019 தையில் கேட்டது, பெண் வீட்டு ஆள் என்கிறார். சின்ன அத்தை இல்லை என்கிறார்."